ஒரு நாள் தூரம்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள். சண்டை போட்டாலும் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' சேர்த்துத்தான் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கெட்ட சேதியை இவர்கள் வாயிலிருந்து வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். யாரும் நேராகச் சொல்வதில்லை. "கொஞ்சம் முடியலீங்க" என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. "கொஞ்சம் சீரியஸுங்க" என்றால் காலையிலேயே போய்விட்டார். "ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றால் கண்ணாடிப் பெட்டி வந்து, கரண்ட் கொடுத்து, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். தூரத்தில் இருப்பவர் பதறிப்போய் வழியில் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். ஈரோட்டில் இருப்பவருக்கு இப்படிச் சொன்னால் சரி. மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து மனசைத் தேற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்.

எனக்கு அதைச் சொன்னபோது நான் ஆக்லாந்தில் இருந்தேன்.

மகளுக்கு முதல் பிரசவம். பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நாற்பது நாள்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் வரவில்லை. கிணத்துக்கடவில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. "நானும் வந்துட்டா தண்ணி கட்டறது யாரு, உங்கப்பனா?" என்று கேட்டார். தண்ணி கட்ட ஆள் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விமானத்தில் ஏறப் பயம் என்று ஒரு ஆம்பளை வாயால் சொல்வாரா?

ஏறத்தான் பயமே ஒழிய, விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எங்கள் காய் வெள்ளகோவில் எண்ணெய் மில்லுக்குப் போகும். லோடு கிளம்பியதிலிருந்து மனக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் அவருக்கு. சோற்றைப் பிசைந்துகொண்டே, "இப்பப் பல்லடம் தாண்டியிருப்பான்" என்பார். சாயங்காலம் டிரைவர் வந்து, வழியில் டயர் பஞ்சர் என்றால், "பஞ்சர் ஒட்ட எவ்வளவு நேரம், டீ குடிக்க எவ்வளவு நேரம், மீதி நேரம் மாமனார் ஊட்டுல இருந்திருக்கறே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். டிரைவர் தலையைச் சொறிவான். ஆள் சொல்றத நம்பாதே, நேரத்தப் பாரு என்பது அவருடைய கொள்கை. மகள் ஆக்லாந்துக்குக் குடிபோன பிறகு போனில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துவைத்திருந்தார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று அது சொல்லும். கோயமுத்தூரிலிருந்து ஆக்லாந்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம், நேரம் பதினாலு மணி என்று காட்டியது. தூரத்தை ஒத்துக்கொண்டார். நேரத்தைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இவன் நேரா ஒரு கோடு போட்டு அளந்துபோட்டான். அந்தக் கோட்டுல எந்த ஃப்ளைட்டு போகுது? சிங்கப்பூர்ல எறங்கோணும், காத்திருக்கோணும், மறுக்கா ஏறோணும். ஏத்தி எறக்கற நேரத்தையெல்லாம் எவன் சேக்கறது?" என்றார். பேப்பரில் எழுதாமலே சேர்த்துச் சொன்னார். "வாசப்படிய உட்டு எறங்கி அந்த வாசப்படிய மிதிக்க ஒரு நாளு. முழுசா ஒரு நாளு."

வியாழக்கிழமை மத்தியானம் நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் கூப்பிட்டார். வீட்டுக்காரரின் ஒரே தம்பி. அவர் எனக்கு நேராகக் கூப்பிட்டதே இல்லை. எதுவானாலும் அண்ணன் மூலமாகத்தான். எங்களுக்கு மத்தியானம் என்றால் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஏழரை மணி நேர வித்தியாசம். அந்த எண்ணைச் சொல்லவே எனக்குப் பிடிக்காது.

"அண்ணி, சாப்டீங்ளா?" என்றார்.

"சாப்புட்டேனுங்க. என்னுங்க இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லீங்க. கொழந்த நல்லாருக்குதுங்ளா?"

"நல்லாருக்குதுங்க."

"பாப்பாவுக்குத் தையலெல்லாம் ஆறிப்போச்சுங்ளா?"

"ஆறிட்டு வருதுங்க. ஏனுங்க, என்ன விஷயம்?"

பின்னால் யாரோ யாரையோ சத்தம் போடாதே என்று அடக்குவது கேட்டது. "அண்ணனுக்குக் கொஞ்சம் நெஞ்சுச் சளிங்க. ஆஸ்பத்திரில வெச்சிருக்கறோம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்களேன்" என்றார்.

பதினோராயிரம் கிலோமீட்டரை யாராவது ஒரு எட்டில் வந்துவிட்டுப் போவார்களா?

"அவர்ட்டக் குடுங்க, ஒரு வார்த்த பேசறேன்" என்றேன்.

"தூங்கறாருங்க."

"எழுப்புங்க."

"ஐசியூல போன் உடமாட்டீங்கறாங்க அண்ணி."

"அப்பச் சளிக்கு எதுக்குங்க ஐசியூ?"

"சும்மா பாதுகாப்புக்குங்க" என்றார். குரல் உடைந்தது. வைத்துவிட்டார்.

மகள் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். "சித்தப்பா என்னம்மா சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லு" என்றாள். நான் அப்படியே சொன்னேன். அவளும் கிணத்துக்கடவில் வளர்ந்தவள்தானே. வேறு எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மறுநாள் மத்தியானத்துக்கு டிக்கெட் எடுத்தார். அவளால் வர முடியாது. தையல் ஆறவில்லை, குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை. இரவு அவள்தான் என் பெட்டியை அடுக்கினாள். காலையில் திறந்து பார்த்தேன். பேத்திக்குப் பேர் வைக்கும்போது கட்டுவதற்கென்று நான் கொண்டுபோயிருந்த இரண்டு பட்டுச் சேலைகளையும் எடுத்து வெளியே வைத்துவிட்டிருந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் வெளிறிய நூல் சேலைகள். பெட்டியைப் பூட்டிக்கொண்டேன்.

விமானத்தில் முன்சீட்டின் முதுகில் ஒரு திரை. அதில் ஒரு சின்ன விமானம். போக வேண்டிய தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் படம் பார்த்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியா என்கிற தேசம் முடிவேனா என்றது. கீழே ஒரு வீடு இல்லை, ரோடு இல்லை, செம்மண்தான். சாதாரணமாக ஊர் நெருங்க நெருங்க மனசு லேசாகும். அன்றைக்கு அந்த விமானம் எங்காவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனால் தேவலை என்று இருந்தது. நான் போய் இறங்காதவரை யாரும் எனக்கு எதையும் சொல்ல முடியாது அல்லவா.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு தடவை போய்க் காட்டுங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் அடங்கியதும் மனசு தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. களத்தில் காய் குவிந்து கிடக்குமே, நாற்காலி போட இடம் வேண்டும், அதை எங்கே தள்ளுவார்கள்? எங்களுக்கு ஒரே பெண். கொள்ளி வைக்கக் கொழுந்தனாரின் மகன்தான். அவன் பெங்களூரிலிருந்து வந்திருப்பானா? என் பிறந்த வீட்டிலிருந்து கோடி எடுத்து வர வேண்டும், என் தம்பிக்குச் சொன்னார்களா? சமையலுக்கு யார்? நல்ல மனுஷி, புருஷனுடைய காரியத்தை முழுசாக முடித்து மூன்றாம் நாள் பால் ஊற்றுவது வரைக்கும் வந்துவிட்டேன். பணிப்பெண் வந்து சாப்பாடு வேண்டுமா என்று கேட்டபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வேண்டாம் என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தபின் எடுக்கும்வரை பச்சைத் தண்ணிகூடக் கிடைக்காது.

சிங்கப்பூரில் இறங்கியபோது பொழுது போயிருந்தது. கோயமுத்தூர் விமானம் காலையில்தான். அந்த விமான நிலையத்தைச் சுற்றிப் பார்க்கவே ஆட்கள் வருவார்களாம். நான் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். போனில் வைஃபை வந்ததும் முதலில் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். அதில் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். விடிந்தால் பூ, சூரியன், முருகன், காலை வணக்கம் என்று வந்து கொட்டும். எரிச்சலில் அதன் சத்தத்தை அடைத்தே வைத்திருப்பேன். அன்று ஒன்றுமில்லை. கடைசியாக வந்தது புதன்கிழமை காலையில் ஒரு ரோஜாப்பூ. அதற்கப்புறம் ஒரு வணக்கம் இல்லை, ஒரு பிறந்தநாள் வாழ்த்து இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் யாரோ ஒன்று போட்டு, உடனே எடுத்திருக்கிறார்கள். இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி நின்றது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை போட்ட படமாகத்தான் இருக்கும். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். அவள் வழியில் இருக்கிறாள், பார்த்துவிடப் போகிறாள் என்று யாரோ அதட்டி எடுக்க வைத்திருப்பார்கள். அப்போதுதான் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த சீனத்து அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான் போல.

(அது என்ன செய்தி என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். உறவுக்காரப் பையன் ஒருவன் நேரம் காலம் தெரியாமல் ஏதோ சிரிப்பு வீடியோவைப் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறான்.)

சனிக்கிழமை காலை கோயமுத்தூரில் இறங்கினேன். வெளியே கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார், தனியாக. தலை ஈரமாக இருந்தது. அப்போதுதான் குளித்திருக்கிறார். காலை பத்து மணிக்கு ஒரு ஆள் எதற்குத் தலைக்குக் குளிக்கிறார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "ஃப்ளைட்டெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்ளா அண்ணி?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரில் ஏறினோம். விமான நிலையத்து ரோடு அவிநாசி ரோட்டில் வந்து முட்டும். வலப்பக்கம் திரும்பினால் டவுன், ஆஸ்பத்திரி. இடப்பக்கம் போனால் பைபாஸ் பிடித்துக் கிணத்துக்கடவு, வீடு. நான் கண்ணை அந்த முக்கிலேயே வைத்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஆஸ்திரேலியாவைவிட நீளமாக இருந்தது. முருகா, வலப்பக்கம், வலப்பக்கம் என்று உள்ளே சொல்லிக்கொண்டே வந்தேன்.

கார் இடப்பக்கம் திரும்பியது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பேக்கரி முன்னால் ஓரங்கட்டினார். "ஒரு டீ குடிச்சுட்டுப் போயிரலாமுங்க அண்ணி. பன்னு ஏதாச்சும் சாப்புடுங்க. நீங்க ஏதாச்சும் சாப்புட்டே ஆகோணும்" என்றார். வற்புறுத்தினார். முடிந்தது. எங்கள் பக்கத்தில் தூரத்திலிருந்து வருகிற ஆளை ஊருக்கு வெளியே நிறுத்தி வயிற்றுக்கு எதையாவது போட்டுவிட்டுத்தான் கூட்டிப்போவார்கள். நானே எத்தனை பேருக்கு அப்படி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

டீ வந்தது. நான் தொடவில்லை. "எப்பங்க எடுக்கறீங்க?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எதைங்க?"

"எனக்காகத்தான வெச்சிருக்கறீங்க? பொழுதுக்குள்ள எடுத்துருவீங்ளா, இல்ல நாளைக்கா?"

கொழுந்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணி! அண்ணன் உசுரோட இருக்காருங்க!" என்று கத்தினார். பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஐசியூலதானுங்க இருக்காரு. நாந்தான் சொன்னனே? அத்தனையும் சொன்னனே?" என்று அந்த நடுக்கடையில் அழ ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் சொல்லியிருந்தார். தூங்குகிறார் என்றது நிஜம். போன் விடமாட்டார்கள் என்றது நிஜம். இடப்பக்கம் திரும்பியதற்குக் காரணம், நான் ஊரில் இல்லாத நாட்களில் வலப்பக்கம் திரும்புகிற இடத்தை அடைத்துவிட்டார்களாம், கொஞ்ச தூரம் போய் வளைந்துதான் வர வேண்டுமாம். தலைக்குக் குளித்தது, இரண்டு நாளாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால். ஒரு நாள் முழுக்க, கடலையும் கண்டத்தையும் தாண்டி, நான் உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் காரியம் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். சந்தோஷம் வருவதற்குள் கொழுந்தனார் மீதியையும் சொல்லிவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார். மாரடைப்பு. இருதயம் பம்ப் பண்ணுவது ரொம்பக் குறைந்துபோய்விட்டது. நினைவு இருக்கிறது, பேசுகிறார். ஆனால் மறுநாள் விடியக்காலையிலேயே டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, வெளிநாட்டில் யாராவது இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார். இன்று காலை கேட்டதற்கு, இனி இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்றாராம். அண்ணனிடம் மட்டும் சளிதான், நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"அதுக்குத்தானுங்க இங்க நிறுத்துனேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நேரா உள்ள போயி நின்னீங்கன்னா அண்ணனுக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. சும்மா சளிக்கு ஆக்லாந்துல இருந்து யாராச்சும் வருவாங்களான்னு யோசிப்பாரு. அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அவரு தூங்கறப்பக் கண்ணாடி வழியாப் பாத்துக்கலாமுங்க. எல்லாருமே அப்படித்தான் நெனைக்கறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீயைக் குடித்தேன். "பதினோராயிரம் கிலோமீட்டர் வந்தது கண்ணாடியப் பாக்கறதுக்குங்ளா?" என்றேன். ஆனால் அவர் சொன்னது சரி என்பதும் எனக்குத் தெரிந்தது. என் முகம்தான் சேதி. நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்த வாசலில் போய் நின்றால் போதும், எமனே வந்து நின்ற மாதிரிதான். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு நான் அப்படியொரு ஆளாகிவிட்டேன் என்று நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் நான் உள்ளே போவதற்குக் கொழுந்தனார் ஒத்துக்கொண்டார். காரில் போகும்போதே ஒரு பொய் தயாரானது. நேத்து உங்களிடம் பேசும்போது வாய் தவறி ஆஸ்பத்திரி என்று நான் சொல்லிவிட்டேன், நீங்கள் மனசு கேட்காமல் நீங்களாகவே கிளம்பி வந்துவிட்டீர்கள், யாரும் கூப்பிடவில்லை, இப்படிச் சொல்லிவிடுங்கள் அண்ணி என்றார். நல்ல பொய்தான் என்று எனக்கும் பட்டது. இரண்டு பேருமே தூக்கமில்லாத ஆட்கள்.

ஐசியூ வாசலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். நர்ஸ் ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டது. செருப்பைக் கழற்றியபோது என் இரண்டு காலும் வீங்கியிருந்தன. சிரித்த முகமாகப் போங்க என்று கொழுந்தனார் காதோரம் சொன்னார். கை கூப்பிக்கொண்டு சொன்னார்.

விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள் இருந்தன. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. முதலில் ஒரு மலர்ச்சி வந்தது, நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அது மெதுவாக நின்றது. என் முகத்திலிருந்து இறங்கி வீங்கிய காலைப் பார்த்தார்.

"எப்பப் புள்ள வந்த?" மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இப்பத்தானுங்க. நேத்துத் தம்பி பேசறப்ப உங்களுக்குச் சளி, ஆஸ்பத்திரின்னாருங்க. யாரும் வரச் சொல்லலீங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. ஒடனே ஏறிட்டேன்."

"நேத்தா?"

"ஆமாங்க, நேத்துத்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். போர்வைக்கு மேல் இருந்த கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேத்துச் சொல்லி இன்னிக்கு வந்து நிக்கறதுக்கு" என்றார், "ஆக்லாந்து என்ன வெள்ளகோவிலா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு விட்டு விட்டுச் சொன்னார். "இன்னிக்குக் காலைல இங்க எறங்கோணும்னா நேத்து மத்தியானம் அங்க ஏறியிருக்கோணும். அங்க மத்தியானம்னா நமக்கு விடியக்காலம். அதுக்கு முன்னாடி டிக்கெட் எடுக்கோணும், பொட்டி கட்டோணும். அப்ப வியாழக்கெழமையே உன்னையக் கூப்புட்டிருக்கறான். நான் உழுந்து ஒரு ராத்திரிதான் ஆயிருந்துச்சு. அன்னிக்கு எங்கிட்ட என்னன்னு சொன்னான் தெரியுமா? நாளைக்கு வார்டுன்னான்."

நர்ஸ் வந்து, அதிகம் பேசக் கூடாது என்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "டாக்டரு என்ன சொன்னாரு?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னிடம் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. ஒரு நாள் முழுக்க யாராவது ஒருவர் ஒரு வார்த்தை நேராகச் சொல்லமாட்டார்களா என்று நான் தவித்த தவிப்பு இருக்கிறதே, அதை இவருக்குத் தர என்னால் முடியாது.

"ரெண்டு நாளுங்க" என்றேன். "மூணுகூட இருக்கலாமுன்னாங்களாம்."

தலையை ஆட்டினார். பயந்த மாதிரி தெரியவில்லை. பஞ்சர் என்று சொன்ன டிரைவரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் போய்விட்டது. "நான் கண்டுபுடிச்சுட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லிப்போடாத. பாவம், அவனுக்குப் பொய் சொல்லவே வராது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "புள்ளைய வரச் சொல்லாத. பச்சக் கொழந்தைய வெச்சுட்டு அத்தன தூரம் வேண்டாம். அவளுக்காக என்னையப் பொட்டில போட்டு வெச்சிருக்காதீங்க" என்றார்.

நான் அழுதேன். சிரித்த முகமாவது ஒன்றாவது.

"எதுக்கு அழுகறே? நீ வந்து சேர்றதுக்கே ஒரு நாளு ஆயிருக்குது. எனக்கு ரெண்டு நாளு இருக்குதுங்கறயே. உக்காரு" என்றார்.

நர்ஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது. பத்து நிமிஷம்தான் என்றது. பிறகு அதுவே வந்து கேட்காமல் விட்டுவிட்டது. நான் பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காது அப்படியே உங்க காது, அந்தக் காதை எப்படிச் சுமக்கப்போகிறதோ தெரியவில்லை என்றேன். மாஸ்க்குக்குள் சிரித்தார், மாஸ்க்கில் ஆவி படிந்தது. பால் குடித்து முடித்ததும் விக்கல் வருவதைச் சொன்னேன். அங்கே பால்காரர் கிடையாது, எல்லாம் டப்பாதான் என்று சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் பதில் சொல்வது குறைந்தது. கையை மட்டும் விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அந்தக் கையும் தளர்ந்தது. நான் தூங்குகிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் ஓடிவந்த பிறகுதான் நிறுத்தினேன்.

இரண்டு நாள் என்று டாக்டர் சொன்னது ஒரு பகல்கூட நிற்கவில்லை. அவர் சொன்னபடியே மகளுக்காகக் காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். போன் வழியாக அவள் பார்த்தாள்.

உள்ளே பேசியதை நான் சொல்லவில்லை, நர்ஸ் மூலமாக எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கொழுந்தனார் இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்தால், "சாப்டீங்ளா அண்ணி?" என்றுதான் கேட்கிறார். ஆனால் அவர் மனசில் இருப்பது எனக்குத் தெரியும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தால் அண்ணன் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பார், நான் உள்ளே போனேன், உண்மையைச் சொன்னேன், அவர் போய்விட்டார். எனக்கும் சில நாள் காலையில் எழுந்ததும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்திருக்கலாம். சளி என்று நம்பிக்கொண்டு, வார்டுக்கு எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம்.

மறுபடி நடந்தாலும் நான் உள்ளேதான் போவேன்.